பெரிய மீன் தொட்டிக்கு ஹீட்டர்: எப்படிக் கெட்டுப்போகும் என்று பார்த்து வாங்குங்கள்

வடசென்னையில் குடியிருந்துகொண்டு மீன் தொட்டிக்கு ஹீட்டர் வாங்கப் போகிறேன் என்றால் வீட்டில் சிரிக்கத்தான் செய்வார்கள். மே மாதம் மனுஷனே வெந்துபோகிற ஊரில் மீனுக்கு வெந்நீரா என்பார்கள். பாதி நியாயம் அவர்கள் பக்கம்தான். கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ் மட்டும் வளர்ப்பவருக்கு இங்கே ஹீட்டரே வேண்டாம். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீரில் வாழ்கிற மீன். அதற்குச் சூடேற்றுவது கெடுதல். அந்தக் காசுக்கு நல்ல ஃபில்டர் வாங்கலாம்.

டிஸ்கஸ் வளர்க்கிறவர் கதை வேறு. அதற்கு 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஃப்ளவர்ஹார்ன், ஆஸ்கர், அரோவானா போன்றவற்றை 26-க்குக் கீழே விடாமல் வைத்திருந்தால் நல்லது. மார்கழி, தை மாதங்களில் சென்னையில் இரவு வெப்பநிலை 20, 21 டிகிரிக்கு இறங்கிவிடும். கான்கிரீட் வீட்டுக்குள் இருக்கும் தண்ணீர் அவ்வளவு இறங்காது, 23, 24-ல் நிற்கும். புயல் மழை நாலு நாள் விடாமல் அடித்தால் 22-ஐத் தொடலாம். அந்தக் குளிரில் மீன் தீனியைத் தொடாது, மூலையில் ஒதுங்கும், வெள்ளைப் புள்ளி நோய் எட்டிப் பார்க்கும். கொளத்தூர் மீன் கடைகளில் மருந்து கேட்டு வருகிறவர்கள் அப்போதுதான் அதிகம்.

இன்னொரு சங்கதியைப் பலர் யோசிப்பதில்லை: ஏசி. தொட்டி இருக்கும் அறையில் ராத்திரி முழுக்க 23-ல் ஏசி ஓடினால் அந்தத் தொட்டிக்குச் சித்திரையும் மார்கழிதான். வெளியே 38 டிகிரி அடிக்கும் நாளில் ஹீட்டர் வேலை செய்துகொண்டிருக்கும். பகலில் ஏசியை அணைத்ததும் தண்ணீர் தானாகவே ஏறும். அப்படிப்பட்ட வீட்டில்தான் நம்பகமான ஹீட்டர் ரொம்ப அவசியம்.

சரி, எவ்வளவு பெரிய ஹீட்டர்? கடையில் போய் நின்றால் முதல் கேள்வி “எத்தனை அடி தொட்டி சார்?” என்பதாகத்தான் இருக்கும். அடி மட்டும் சொன்னால் போதாது, லிட்டர் தெரிய வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி, வருவதை 28.3-ஆல் பெருக்குங்கள். ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் 20 கன அடி, அதாவது 566 லிட்டர். மேலே விடும் இடைவெளி, மணல், கல் எல்லாம் போக 500 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் மட்டுமே அரை டன். மாடி வீட்டுக்காரர்கள் ஹீட்டரைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் தரையைப் பற்றி யோசிக்க வேண்டும், அது தனிக் கட்டுரை.

500 லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற 0.58 யூனிட் மின்சாரம் போகும். 300 வாட் ஹீட்டர் அந்த ஒரு டிகிரிக்கு இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஆனால் ஏற்றுவது ஒரு தடவை வேலை. ஏற்றிய சூடு கண்ணாடி வழியாகவும் தண்ணீரின் மேல்பரப்பு வழியாகவும் வெளியேறிக்கொண்டே இருக்கும், அதை ஈடுகட்டுவதுதான் தினசரி வேலை. மூடி இல்லாத ஐந்தடித் தொட்டியில், அறையைவிடத் தண்ணீர் ஒரு டிகிரி கூடுதலாக இருப்பதற்குத் தோராயமாக 30 வாட் செலவாகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அறை 22, தண்ணீர் 28 என்றால் ஆறு டிகிரி வித்தியாசம், 180 வாட். கண்ணாடி மூடி போட்டால் இது கணிசமாகக் குறையும், ஏனென்றால் சூட்டில் பெரும்பங்கு ஆவியாகத்தான் தப்பிக்கிறது.

லிட்டருக்கு ஒரு வாட் என்று ஒரு கணக்கு எங்கே பார்த்தாலும் சொல்வார்கள். அது குளிர்நாட்டு வீடுகளுக்குச் சரியாக வரும். அதை நம்பி 500 லிட்டருக்கு 500 வாட் ஹீட்டர் ஒன்றை இந்த ஊரில் வாங்கிப் போடுவது வீண்செலவு என்பதோடு, ஆபத்தும்கூட. ஏன் ஆபத்து என்பதைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

சாதாரணக் கண்ணாடி ஹீட்டருக்குள்ளே ஒரு சூட்டுக் கம்பிச் சுருளும், ஒரு தெர்மோஸ்டாட்டும் இருக்கும். பழைய வகைத் தெர்மோஸ்டாட் என்பது இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த மெல்லிய தகடு. சூடேறினால் ஒரு உலோகம் அதிகமாக நீளும், இன்னொன்று குறைவாக நீளும், தகடு வளையும், மின்தொடர்பு துண்டிக்கப்படும். ஆறினால் தகடு நிமிர்ந்து மறுபடி தொடும். இஸ்திரிப் பெட்டியில் ‘டிக்’ என்று கேட்டு விளக்கு அணைகிறதே, அதே வேலைதான். ஒவ்வொரு தடவை தொடும்போதும் விலகும்போதும் அந்த முனையில் சின்னதாகத் தீப்பொறி பறக்கும். நாளாக ஆக முனை கருகும், தேயும். ஒருநாள் இரண்டு முனைகளும் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு தகடு எவ்வளவு வளைந்தாலும் கரண்ட் நிற்காது.

ஆக ஹீட்டர் இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, அப்படியே செத்துப்போகும்: தண்ணீர் மெதுவாக அறை வெப்பநிலைக்கு இறங்கும். 500 லிட்டர் தண்ணீர் அவசரமாக ஆறாது. 28-ல் இருப்பது ஒரு இரவில் ஒன்றிரண்டு டிகிரி இறங்கும். காலையில் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம், மீன் பிழைக்கும். இன்னொன்று, மேலே சொன்னபடி ஒட்டிக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். தொட்டியோடு மீனைக் கொல்வது இதுதான். சூடேறினால் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் குறையும்: 28 டிகிரியில் லிட்டருக்கு 7.8 மில்லிகிராம் வரை கரையும், 35-ல் 7-க்கும் கீழே போய்விடும். மீனுக்கோ சூட்டில் மூச்சுத் தேவை கூடும். இரண்டு பக்கமும் அடி.

இப்போது அந்த 500 வாட் ஹீட்டர் மார்கழி இரவில் ஒட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அறை 22, தண்ணீர் 28. சூடு வெளியேறுவதைக் கழித்தால் 320 வாட் மிச்சம் நிற்கிறது. மணிக்கு அரை டிகிரிக்கு மேல் ஏறும். படுக்கப் போகும்போது 28 இருந்தது, காலையில் 31, 32. கவனிக்காமல் வேலைக்குப் போய்விட்டால் சாயங்காலம் 35-ஐ நெருங்கியிருக்கும். அதே இடத்தில் 200 வாட் ஹீட்டர் ஒட்டிக்கொண்டிருந்தால்? அது எவ்வளவு நேரம் ஓடினாலும் அறையைவிட ஆறரை, ஏழு டிகிரிதான் ஏற்ற முடியும். 29-ல் போய் நின்றுவிடும். மீனுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

அதனால் ஐந்தடித் தொட்டிக்கு என் கணக்கு இதுதான்: 500 வாட் ஒன்று வேண்டாம், 200 வாட் இரண்டு. ஒன்று செத்தால் இன்னொன்று தொட்டியைத் தாங்கும். ஒன்று ஒட்டிக்கொண்டால் தனியாக மீனை வேகவைக்கும் தெம்பு அதற்குக் கிடையாது. நாலடித் தொட்டிக்கு, அதாவது 300 லிட்டர் வாக்கில், 100 அல்லது 150 வாட் இரண்டு போதும். ஆறடிக்கு மேலே, மூடியும் இல்லை என்றால் 300 வாட் இரண்டு. மூடி போட்டவர்கள் ஒரு படி கீழே இறங்கலாம். மூடிய தொட்டியில் சூடு தங்கும் என்பதால் இறங்குவதுதான் பத்திரமும்.

இரண்டையும் ஒரே அளவில் வைக்காதீர்கள். ஒன்றை 28-ல் வையுங்கள், மற்றதை 27 அல்லது 27.5-ல் வையுங்கள். முதலாவதுதான் வழக்கமாக எரியும், இரண்டாவது சும்மா இருக்கும். இரண்டாவதன் சிவப்பு விளக்கு அடிக்கடி எரிவதைப் பார்த்தால் முதலாவது மண்டையைப் போட்டுவிட்டது என்று அர்த்தம். தனியாக அலாரம் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. மே மாதம் அறையே 34 டிகிரி. அப்போது அந்த 200 வாட் ஒட்டிக்கொண்டால் 34-உடன் ஏழைக் கூட்டுங்கள், 41. எந்த மீனும் மிஞ்சாது. ஆகவே ஏசி இல்லாத வீட்டில் மாசி கழிந்ததும் இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிடுவதுதான் முறை. தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும், எதற்குப் பிடுங்க வேண்டும் என்று விடுவதில் லாபம் எதுவும் இல்லை.

ஏசி அறைக்காரர்கள் பிடுங்க முடியாது. அவர்களுக்குத்தான் வெளியே வைக்கும் கன்ட்ரோலர். தண்ணீருக்குள் ஒரு சென்சார் ஒயர் போகும், வெளியே ஒரு பெட்டியில் எண் தெரியும், அந்தப் பெட்டி ஹீட்டரின் கரண்டைக் கொடுக்கும், நிறுத்தும். ரிச்சி தெருவில் முட்டை பொரிக்கும் இன்குபேட்டருக்கு என்று விற்கும் கன்ட்ரோலரும் இதே வேலையைச் செய்யும், ஆனால் அதில் ஒயர் முனைகள் பின்பக்கம் திறந்து கிடக்கும். எலக்ட்ரீஷியனை வைத்துப் பெட்டிக்குள் அடைத்து வாங்கிக்கொள்ள வேண்டும். கன்ட்ரோலரை 28-ல் வைத்து, ஹீட்டரின் சொந்தத் திருகை 29-ல் வையுங்கள். இனி மீன் வேக வேண்டுமானால் இரண்டும் ஒரே நேரத்தில் பழுதாக வேண்டும். கன்ட்ரோலரை நம்பி ஹீட்டரின் திருகை 34 வரை திருப்பி வைக்கிறார்கள் சிலர். சென்சாரைப் பிடித்திருக்கும் ரப்பர் குமிழ் இறுகிப்போய் ஒருநாள் கழன்று, சென்சார் தண்ணீருக்கு வெளியே ஏசி காற்றில் தொங்கினால், பெட்டி அதைக் குளிர் என்று நினைத்து ஹீட்டரை ஓட்டித் தள்ளும். சென்சாரைக் கீழ்ப்பாதியில் கட்டி வைப்பது உத்தமம்.

வகைகளைப் பற்றி அதிகம் பேச ஒன்றும் இல்லை. கண்ணாடி ஹீட்டர் மலிவு, எல்லாக் கடையிலும் கிடைக்கும், ஆனால் உடையும். ஆஸ்கர், அரோவானா போன்ற முரட்டு மீன் இருக்கும் தொட்டியில் அதற்கு பிளாஸ்டிக் கூடு போட்டே ஆக வேண்டும். சக்கர் மீன் இருந்தாலும் கூடு வேண்டும், அது கண்ணாடிக் குழாயில் போய் ஒட்டிக்கொண்டு வயிற்றைச் சுட்டுக்கொள்ளும். டைட்டானியம் ஹீட்டர் உடையாது, விலை கூடுதல், பெரும்பாலும் வெளிக் கன்ட்ரோலரோடு வரும். எர்த் ஒயர் இல்லாத டைட்டானியம் ஹீட்டரை வாங்காதீர்கள். தொட்டிக்கு வெளியே குழாய் போட்டு வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் வைத்திருப்பவர்கள், தண்ணீர் திரும்பும் குழாயில் பொருத்தும் ஹீட்டரையும் பார்க்கலாம். தொட்டிக்குள் எதுவும் தெரியாது. ஜெர்மனியின் ஈஹைம் யேகர் போன்ற சிலவற்றில், திருகில் உள்ள எண்ணை நிஜ வெப்பமானியோடு ஒத்துப்போகும்படி திருத்தும் வசதி உண்டு. வசதி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் கீழே சொல்லும் சோதனையைச் செய்துவிட்டால் எந்த ஹீட்டரின் யோக்கியதையும் தெரிந்துவிடும்.

வாங்கிய அன்றே தொட்டியில் போடாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் வாளியில் 20 லிட்டர் தண்ணீர் பிடியுங்கள். ஏர் பம்ப் குழாயை உள்ளே விட்டுக் குமிழி ஓட விடுங்கள், தண்ணீர் கலங்கிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணாடி வெப்பமானி ஒன்றைத் தொங்க விடுங்கள். வீட்டில் ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது; அதன் அளவு தொடங்குவதே மீன் செத்துப்போகும் சூட்டில்தான். ஹீட்டரைக் கோடு வரை மூழ்கவைத்து, 28-க்குத் திருப்பி, பிளக்கைப் போடுங்கள். 200 வாட் என்றால் இந்த அளவு தண்ணீர் ஏழு நிமிஷத்துக்கு ஒரு டிகிரி ஏறும். 25-ல் ஆரம்பித்தால் இருபது, இருபத்தைந்து நிமிஷத்தில் 28-ஐத் தொடும். ரொம்பத் தாமதமானால் ஒன்று உங்கள் வீட்டு வோல்டேஜ் குறைவு, இல்லை அட்டையில் போட்ட வாட் பொய். வோல்டேஜ் 230-க்குப் பதில் 190 வந்தால் 200 வாட் ஹீட்டர் 137 வாட்தான் கொடுக்கும், அது ஹீட்டரின் குற்றம் இல்லை.

விளக்கு எந்த டிகிரியில் அணைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 28 என்று திருப்பினது 30-ல் அணைந்தால் கவலைப்பட ஒன்றும் இல்லை, இந்த ஹீட்டர் திருகில் உள்ள எண்ணைவிட இரண்டு டிகிரி கூட்டிச் சூடேற்றும் என்று தெரிந்துகொண்டு 26-ல் வைக்கலாம். அப்புறம் தண்ணீரை ஆற விட்டு, எந்த டிகிரியில் மறுபடி எரிகிறது என்று பாருங்கள். அரை டிகிரி, ஒரு டிகிரி வித்தியாசம் சாதாரணம். இந்த ஏற்ற இறக்கத்தை மூன்று நாலு சுற்று பாருங்கள். முதல் சுற்றில் 28-ல் அணைந்து, அடுத்ததில் 29.5-ல் அணைந்து, அதற்கடுத்ததில் 27-ல் அணைகிற ஹீட்டரைப் பெட்டியோடு கடையில் திருப்பிக் கொடுங்கள். தப்பாகக் காட்டுவதைத் திருத்தலாம், மாற்றி மாற்றிக் காட்டுவதைத் திருத்த முடியாது. சோதனை நடக்கும்போது வாளிக்குள் கைவிட வேண்டாம். முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கால்மணி நேரம் ஹீட்டரைத் தண்ணீரிலேயே ஆற விட்டுப் பிறகு வெளியே எடுங்கள். சுடச்சுட எடுத்தால் கண்ணாடி விரியும்.

தொட்டிக்குத் தண்ணீர் மாற்றும் நாளிலும் இதே கதைதான். பாதித் தண்ணீரை இறக்கியதும் ஹீட்டர் வெளியே தலைநீட்டும், காய்ந்த குழாய் சூடேறும், புதுத் தண்ணீர் பட்டதும் ‘படக்’. ஹீட்டரைத் தரைக்குச் சமீபமாகப் படுக்கவைத்துப் பொருத்தினால் பாதித் தண்ணீர் இறங்கினாலும் மூழ்கியே இருக்கும். எப்படியும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். ஃபில்டர் தண்ணீர் வந்து விழும் பக்கம் ஒரு ஹீட்டர், எதிர்க்கோடியில் இன்னொன்று வைத்தால் ஐந்தடி நீளத்துக்கும் சூடு சமமாகப் பரவும். வெப்பமானியை இரண்டுக்கும் தள்ளி நடுவில் ஒட்டுங்கள்.

மின்சாரத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாத ஒன்று, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் இஎல்சிபி. விரிந்த கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் தொட்டி முழுக்கக் கரண்ட். பழைய வாடகை வீடுகளில் எர்த் இருக்கிறதா என்பதே சந்தேகம், முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் ஒயர் பிளக் பாயிண்டுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலே ஏறட்டும். ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல்காற்றில் பிளக் பின் சீக்கிரம் பச்சை பூக்கும், தளர்ந்த பிளக் சூடேறி உருகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஹீட்டர், பம்ப், லைட் எல்லாவற்றையும் ஒன்றாகச் செருகாமல் ஹீட்டருக்குச் சுவரில் தனி பாயிண்ட் கொடுங்கள்.

நம் பக்கத்து போர் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே ஏறியிருப்பது ஊரறிந்தது. கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக வரும். அதைத் தொட்டியில் ஊற்றுகிறவர்கள் ஹீட்டர் குழாயில் வெள்ளைப் படலம் படிவதைப் பார்க்கலாம். அந்தப் படலம் சூட்டை வெளியே விடாது. உள்ளே கம்பியும் தெர்மோஸ்டாட்டும் அதிகமாகச் சூடாகி, தெர்மோஸ்டாட் சீக்கிரமே அணைத்துவிடும். திருகில் 28 இருக்கும், தண்ணீர் 26-ஐத் தாண்டாது. மாதம் ஒரு தடவை கழற்றி, எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் தொட்ட துணியால் துடைத்து, நன்றாக அலசிப் போடுங்கள். சோப்பு மட்டும் வேண்டவே வேண்டாம்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று எல்லோரும் பயப்படுவது ஹீட்டரைப் பற்றித்தான். 2016-ல் வர்தா, 2023-ல் மிக்ஜாம் என்று டிசம்பர் மாதத்துப் புயல்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர் இது. பயம் புரிகிறது, ஆனால் வரிசை தவறு. பெரிய தொட்டி மணிக்குக் கால் டிகிரி வேகத்தில்தான் ஆறும், மேலே ஒரு போர்வையைப் போர்த்திவிட்டால் இன்னும் மெதுவாக. காற்று நின்றாலோ சில மணி நேரத்திலேயே மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். இன்வெர்ட்டரில் ஏர் பம்பை மட்டும் போடுங்கள். 150 ஆம்பியர் மணி பேட்டரி, இரண்டு ஹீட்டரும் சேர்ந்து ஓடினால் நாலு மணி நேரம்கூடத் தாங்காது. அப்புறம் ஃபேனும் இல்லை, பம்பும் இல்லை.

ஹீட்டருக்கு ஆயுசு இரண்டு மூன்று வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய மாதத்தை ஒரு துண்டு டேப்பில் எழுதிப் பிளக்கில் ஒட்டிவிட்டால் மறக்காது. இரண்டையும் ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வருஷம் ஒன்று, அடுத்த வருஷம் மற்றொன்று என்று மாற்றினால் செலவும் தாங்கும், இரண்டும் ஒரே சமயத்தில் கிழடாகவும் ஆகாது. நவம்பரில் மழை பிடிப்பதற்கு முன் இருக்கிற இரண்டுக்கும் அந்த வாளிச் சோதனையை மறுபடி செய்துவிடுங்கள்.

கழற்றிய பழைய ஹீட்டர் எரியத்தானே செய்கிறது, குஞ்சு மீன் தொட்டிக்கு வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். பெரிய தொட்டியில் ஒட்டிக்கொண்ட ஹீட்டருக்கு எதிராக 500 லிட்டர் தண்ணீர் நின்றது. 40 லிட்டர் தொட்டியில் அதே 200 வாட் ஒட்டிக்கொண்டால் கால்மணி நேரத்துக்கு ஒரு டிகிரி ஏறும். நீங்கள் ஒரு சினிமா பார்த்துவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஒயரை வெட்டிவிட்டுப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுங்கள். வெட்டாமல் போட்டால் யாராவது எடுத்து மறுபடி செருகுவார்கள்.